பட்டாசு ஆலை விபத்துகள்: விதிகள் போதவில்லையா, மிகுந்துவிட்டனவா?

வைப்பாற்றங்கரை

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் சிறு தொழில் கடன்களைப் பரிசீலிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களிலிருந்து வரும் விண்ணப்பங்களில் பெரும்பகுதி பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழில்களையே சுற்றி வருகிறது. மழையை நம்பிப் பிழைக்க முடியாத இந்தக் கரிசல் பூமியில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகச் சோறு போடுபவை இவைதான் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்ததே.

என்னை நெடுநாளாகக் குழப்பி வரும் கேள்வி ஒன்றை இங்கே வைக்கிறேன். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் மாண்டனர். பிறகு 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 மே மாதத்தில் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் ஆய்வுக் குழுக்கள் வருகின்றன. சில ஆலைகளின் உரிமம் நிறுத்தி வைக்கப்படுகிறது. ஆய்வுக்கு அஞ்சி வேறு சில ஆலைகள் தாமாகவே கதவடைக்கின்றன. அந்த நாட்களின் கூலியைத் தொழிலாளர்கள் இழக்கிறார்கள். சில வாரங்களில் எல்லாம் பழையபடி ஓடத் தொடங்குகிறது.

உற்பத்தியாளர்களிடம் பேசினால், ஏற்கெனவே உள்ள விதிகளே தாங்க முடியாத சுமை என்றும், இன்னும் இறுக்கினால் இந்தத் தொழில் மாவட்டத்தை விட்டே போய்விடும் என்றும் சொல்கிறார்கள். விபத்தில் உறவினரைப் பறிகொடுத்தவர்களோ, விதி என்று ஒன்று இருப்பதே சாவு விழுந்த பிறகுதான் அதிகாரிகளுக்கு நினைவு வருகிறது என்கிறார்கள். இரு தரப்பிலும் உண்மை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. பாதுகாப்பை இறுக்கினால் வளர்ச்சி குறையும், வளர்ச்சியை விரும்பினால் பாதுகாப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்னும் இந்தக் கணக்கு பட்டாசுத் தொழிலைப் பொறுத்தவரை உண்மையிலேயே சரிதானா? நேரடி அனுபவம் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். அரசியல் கட்சிகளைக் குறை கூறும் பதில்கள் எனக்குப் பயன்படா.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்

தொழிற்சாலைகளின் பாதுகாப்பை ஆய்வு செய்யும் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்விக்குள் ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது: விதிகள் நடைமுறையில் இருக்கின்றன, அவை பாதுகாப்பைத் தருகின்றன, அதற்கான விலையைத் தொழில் கொடுக்கிறது என்பது அது. முதலில் விதிகள் நடைமுறையில் இருக்கின்றனவா என்று பார்ப்போம்.

1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும், அதன் கீழ் வந்த 2008-ஆம் ஆண்டின் விதிகளுமே இந்தத் தொழிலுக்கு அடிப்படை. மருந்து செலுத்தும் அறை ஒவ்வொன்றிலும் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே குறிப்பிட்ட தூரம் வேண்டும். அன்றைக்குக் கலந்த மருந்தை மறுநாளுக்கு மீதி வைக்கக் கூடாது. இவற்றில் ஒன்றுகூட அலங்காரத்துக்காக எழுதப்பட்டதல்ல. அலுமினியப் பொடி சேர்ந்த மருந்து ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறும் இயல்புடையது. மீந்த மருந்தை இரவு முழுவதும் அறையில் வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அனுபவமுள்ள எந்தப் போர்மேனும் சொல்வார். கந்தகத்தைக் குளோரேட்டுடன் கலப்பதை 1992-லேயே மத்திய அரசு தடை செய்ததற்கும் இதுபோன்ற ரசாயனக் காரணமே அடிப்படை.

இப்போது நான்கு பேர் விதியைச் சற்று நின்று கவனியுங்கள். பட்டாசு மருந்து சில நேரங்களில் பற்றிக்கொள்ளவே செய்யும் என்பதை ஒப்புக்கொண்டு எழுதப்பட்ட விதி அது. விபத்தே நடக்காது என்று அது நம்பவில்லை; நடந்தால் ஓர் அறையோடு, நான்கு பேரோடு, நின்றுவிட வேண்டும் என்று திட்டமிடுகிறது. ஆகவே ஒரே விபத்தில் பத்துப் பேரோ இருபது பேரோ உள்ளே இறந்தார்கள் என்றால், வேறு எந்த விசாரணையும் இல்லாமலே ஒரு முடிவுக்கு வரலாம்: ஆட்களின் எண்ணிக்கையோ, மருந்தின் அளவோ, அறைகளுக்கு இடையிலான தூரமோ, குறைந்தது ஒன்றாவது மீறப்பட்டிருக்கிறது. முதலிப்பட்டியில் முதல் வெடிப்புக்குப் பிறகு உதவிக்கு ஓடி வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இறந்தார்கள். அதைத் தனியாகக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனாலும் அங்கே அவ்வளவு மருந்து ஏன் இருந்தது என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. நீங்கள் வரிசைப்படுத்திய பெருவிபத்துகளை விதிகளின் தோல்வி என்று சொல்வதற்கில்லை. விதிகள் நுழையாத இடத்தில் நடந்தவை அவை.

ஏன் நுழையவில்லை என்பதற்கு எங்கள் மீதும் பழி உண்டு. ஓர் ஆலைக்குள் நுழைய உரிமை உள்ள துறைகளை எண்ணிப் பாருங்கள். பெசோ என்று அழைக்கப்படும் மத்திய வெடிபொருள் கட்டுப்பாட்டு அமைப்பு, மாவட்ட வருவாய் அலுவலர், மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், தீயணைப்புத் துறை, காவல் துறை, தொழிலாளர் துறை என்று பட்டியல் நீளும். ஆறு துறைகள் பார்க்கின்றன என்றால் ஆறு மடங்கு கண்காணிப்பு என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நடைமுறையில் ஒவ்வொரு துறையும் மற்ற ஐந்தும் பார்த்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறது. விபத்துக்குப் பிறகு, எந்தக் கையெழுத்து யாருடையது என்று தேடுவதிலேயே விசாரணை தேய்ந்துவிடும்.

இன்னொன்று, வெளியில் அதிகம் பேசப்படாதது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ, மத்திய வணிகம் மற்றும் தொழில் அமைச்சகத்தில், தொழில் மேம்பாட்டைக் கவனிக்கும் துறையின் கீழ் இயங்குகிறது. தொழிலை வளர்க்கும் பொறுப்பும், அதே தொழிலின் கையைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பும் ஒரே கூரைக்குள் இருக்கின்றன. அமெரிக்காவில் அணுசக்தி ஆணையம் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. அந்த முரணை உணர்ந்து 1974-இல் சட்டம் இயற்றி, ஒழுங்குமுறைப் பணியைத் தனி ஆணையமாகப் பிரித்தார்கள். கடலில் எண்ணெய் எடுக்க உரிமம் கொடுத்து, ராயல்டியும் வசூலித்து, பாதுகாப்பையும் பார்த்துக்கொண்டிருந்த அமைப்பை 2010-ஆம் ஆண்டின் மெக்சிகோ வளைகுடா விபத்துக்குப் பிறகு உடைத்துப் பிரித்தார்கள். நாம் இன்னும் அந்தக் கேள்வியைக் கேட்கவே தொடங்கவில்லை.

கணக்குப்பிள்ளை

ஆய்வாளர் ஐயா அவர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நான்கு பேர் விதியை அவர் விளக்கிய விதம் எங்கள் சங்கக் கூட்டத்திலேயே வாசிக்கத் தக்கது. ஆனால் உற்பத்தியாளரின் பக்கத்தை யாரும் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பல ஆலைகளுக்குக் கணக்கு எழுதுபவன் நான். ஆலை முதலாளி அல்ல.

விதி கடுமையாக இருப்பது எங்கள் துன்பம் அல்ல. விதி எப்போது மாறும் என்று தெரியாமல் இருப்பதே துன்பம். 2017-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தில்லியில் பட்டாசு விற்பனைக்கு இருந்த தடையை உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 12 அன்று தளர்த்தியது. சரக்கு கிளம்பியது. அக்டோபர் 9 அன்று மீண்டும் தடை. தீபாவளிக்குப் பத்து நாட்கள்கூட மிச்சமில்லை. லாரியில் போன சரக்கு, கடையில் இறங்கிய சரக்கு, கடனுக்கு வாங்கிய ரசாயனம், முன்பணம் கொடுத்த தொழிலாளி எல்லாமே நடுவழியில் நின்றன. அடுத்த ஆண்டு அக்டோபர் 23 தீர்ப்பில் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. பசுமைப் பட்டாசு மட்டுமே தயாரிக்கலாம் என்றார்கள். அந்தப் பட்டாசுக்கான கலவை முறையோ, சான்று வழங்கும் ஏற்பாடோ அன்றைக்குச் சிறு உற்பத்தியாளரின் கைக்கு எட்டும் நிலையில் இல்லை. 2018 நவம்பரில் மூடிய ஆலைகள் 2019 மார்ச் வரை திறக்கப்படவில்லை. அந்த நான்கு மாதமும் எத்தனை குடும்பங்கள் வட்டிக்கு வாங்கித் தின்றன என்பதை எந்தத் தீர்ப்பும் எழுதவில்லை.

தில்லியின் காற்று கெடுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். சுற்றுச்சூழல் விதியும் தொழிலாளர் பாதுகாப்பு விதியும் வெவ்வேறு என்பதையே சொல்ல வருகிறேன். இந்த இரண்டையும் பொதுமக்கள் ஒன்றாகக் கலந்து பேசுவதால், சிவகாசியில் ஒருவரின் உயிரைக் காக்கும் விதியைக்கூட உற்பத்தியாளர்கள் ‘தொழிலை அழிக்க வந்த இன்னொரு தடை’ என்றே பார்க்கப் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் மிகவும் ஆபத்தானது.

உரிமத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே மூன்று படி உண்டு: ஒரு நேரத்தில் கையிருக்கும் மருந்து 15 கிலோ வரை என்றால் மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. உரிமம், 500 கிலோ வரை பெசோவின் சென்னை அலுவலகம் தரும் சென்னை உரிமம், அதற்கு மேல் அதன் தலைமையிடம் தரும் நாக்பூர் உரிமம். மேல் படிக்கு ஏறுவதற்குக் கூடுதல் நிலம் வேண்டும், அறைகளுக்கிடையே இடைவெளி வேண்டும், வரைபட ஒப்புதல் வேண்டும், பொறுமையும் வேண்டும். புதிய உரிமம் கிடைப்பது அரிதானால், ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவரின் காகிதம் வாடகைக்கு விடத்தக்க சொத்தாகிவிடுகிறது. ஒருவர் பெயரில் உரிமம், உள்ளே அறைகளை ஆளுக்குச் சில என்று பலர் குத்தகைக்கு எடுத்து உற்பத்தி. அச்சங்குளம் விபத்துக்குப் பிறகு ஊரே பேசிய உள்குத்தகை முறை இப்படி வளர்ந்ததுதான். குத்தகைக்காரர் அந்த ஒரு பருவத்துக்குள் வாடகையையும் எடுத்து, லாபத்தையும் எடுத்துவிட வேண்டும். அடுத்த ஆண்டு அந்த அறை அவருக்குக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அவர் எதற்காக மின்னல் தாங்கி வாங்கி வைப்பார்? உரிமம் பெறுவதைக் கடினமாக்கினோம். உரிமம் பெற்ற இடத்தை ஓட்டுவது யார் என்று பார்ப்பதை விட்டுவிட்டோம். இதை விதி அதிகம் என்று சொல்வதா, குறைவு என்று சொல்வதா?

கரிசல்காரி

அண்ணாச்சி இருவரும் எழுதியதைப் படித்தேன். தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றுகிறேன். என் தாயார் இருபது ஆண்டுகளுக்கு மேல் வெடிக்குத் திரி வைத்தவர். இதுவரை இங்கே யாரும் கூலியைப் பற்றிப் பேசவில்லை என்பதால் அதைச் சொல்கிறேன்.

பட்டாசு ஆலைகளில் பெரும்பாலான வேலைக்குக் கூலி, செய்து முடித்த எண்ணிக்கைக்குத்தான். நேரத்துக்கு அல்ல. மருந்தைச் சிறுசிறு அளவாகக் கலந்து, தீர்ந்ததும் மீண்டும் போய் வாங்கி வந்து செலுத்த வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு முறை நடக்கும்போதும் கூலி குறைகிறது. ஆகவே மொத்தமாக வாங்கி அருகில் வைத்துக்கொள்வார்கள். அறைக்குள் வெக்கை தாங்க முடியாதபோது மரத்தடிக்கு வந்து உட்கார்ந்து வேலை செய்வார்கள். ஆய்வு அறிக்கைகளில் இதைத் ‘தொழிலாளர்களின் கவனக்குறைவு’ என்று எழுதுவார்கள். எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்துவிட்டு நிதானமாக வேலை செய் என்று சொல்வதில் உள்ள முரண்பாடு அந்த அறிக்கைகளில் இடம் பெறுவதே இல்லை. ஆகஸ்ட் தொடங்கி தீபாவளி வரையிலான நாட்களில், ஓர் அறையில் நான்கு பேர் என்ற விதியை மீற வேண்டும் என்று முதலாளி வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. கூலி முறையே அதைச் சொல்லிவிடும்.

ஆலைகளை மொத்தமாகச் சீல் வைப்பதால் என்ன ஆகிறது என்பதையும் அதிகாரிகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆலை மூடினால் வயிறு மூடுவதில்லை. வேலை வீட்டுக்கு வந்துவிடுகிறது. கருந்திரி தயாரிப்பதும், பேன்சி ரகத்துக்குக் குழாய் ஒட்டுவதும், சில இடங்களில் மருந்து செலுத்துவதும்கூட வீட்டுத் திண்ணைகளிலும் கொட்டகைகளிலும் நடக்கின்றன. ஆலையிலாவது வெளிப்புறம் திறக்கும் கதவு உண்டு. வீட்டில் அடுப்பும் குழந்தையும் பக்கத்தில் இருக்கும். ஆக, விபத்துக்குப் பிறகு வரும் அந்தத் திடீர் கெடுபிடி ஆபத்தைக் குறைக்காமல், கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்த்துகிறது. ஆண்டு முழுவதும் சீராக நடக்கும் ஆய்வைத்தான் நாங்கள் கேட்கிறோம்; சாவுக்குப் பின் ஒரு மாதம் நடக்கும் வேட்டையை அல்ல.

தொழில் போய்விடும் என்ற அச்சுறுத்தலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தபோது, வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. சின்னக் கைகள் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்று சொன்னவர்களை என் தாயார் நேரில் கேட்டிருக்கிறார். குழந்தைகள் படிப்படியாகப் பள்ளிக்குப் போனார்கள்; பட்டாசுத் தொழிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த ஊரில் அச்சகங்கள் பெருகியதற்கும், அந்தத் தலைமுறையில் படித்தவர்கள் வேறு வேலைகளுக்குப் போனதற்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

தராசு

பொருளாதாரம் கற்பிப்பவன் என்ற முறையில் ஒரு சிறு சேர்க்கை. மேலே மூவரும் சொன்னவற்றை ஒரே கேள்வியாக்கலாம்: விபத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

2021 பிப்ரவரி விபத்துக்குப் பிறகு மாநில அரசு இறந்தோர் குடும்பங்களுக்கு 3 லட்சமும், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சமும் அறிவித்தார்கள். இரண்டும் பொதுப்பணம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, இறந்தவர்களுக்கு 20 லட்சம் என்று இழப்பீட்டை நிர்ணயித்தபோது பலர் அதிர்ந்தார்கள். எனக்கோ அந்தத் தொகைதான் உண்மைக்குச் சற்று அருகில் வந்ததாகத் தோன்றியது. உழைக்கும் வயதில் ஒருவர் இறந்தால் குடும்பம் இழக்கும் வருமானத்தைக் கூட்டிப் பார்த்தாலே போதும். இழப்பு முழுவதையும் குடும்பமும் அரசுக் கருவூலமும் ஏற்கும் வரை, தில்லியிலோ மும்பையிலோ ஒருவர் வாங்கும் பட்டாசுப் பெட்டியின் விலையில் அந்த ஆபத்து சேரவே சேராது. விலை குறைவாக இருப்பதால் விற்பனை கூடுகிறது. அதைத்தான் நாம் வளர்ச்சி என்று எழுதிக்கொள்கிறோம்.

தண்டனைப் பக்கம் இன்னும் வேடிக்கை. வெடிபொருள் சட்டத்தின் 9பி பிரிவின்படி, விதியை மீறி வெடிபொருள் தயாரித்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறைக்குப் போவது பெரும்பாலும் போர்மேன். முதலாளி சில வாரம் தலைமறைவாக இருந்துவிட்டு முன்ஜாமீனோடு வருவார். எஞ்சுவது 5,000 ரூபாய். ஒரு நாள் உற்பத்தி லாபத்துக்குக்கூட அது ஈடாகாது. புதிய சட்ட வரைவு ஒன்றில் இதை லட்ச ரூபாய் அளவுக்கு உயர்த்த முன்மொழிந்தார்கள்; அதுவும் பெரிய ஆலைக்குச் சில்லறையே.

நீராவிக் கொதிகலன்களின் வரலாறு இங்கே பயன்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை அடிக்கடி வெடித்து ஆலைகளையும் கப்பல்களையும் சிதறடித்தன. அமெரிக்காவில் 1866-இல் தொடங்கப்பட்ட ஒரு காப்பீட்டு நிறுவனம், ‘நாங்கள் சோதித்துப் பார்த்த கொதிகலனுக்கு மட்டுமே காப்பீடு’ என்றது. தன் பணம் போகும் என்பதால் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர் உண்மையாகவே சோதித்தார். 1905-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் ஊரில் ஒரு காலணி ஆலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்த பிறகு, அந்த மாநிலம் கொதிகலன்களுக்குச் சட்டம் இயற்றியது. பின்னர் நாடு முழுவதற்குமான பொறியியல் விதித் தொகுப்பு வந்தது. அதன்பின் நீராவித் தொழில் நசிந்துவிடவில்லை. கூடுதல் அழுத்தத்தில் இயங்கும் கொதிகலன்களைத் துணிந்து கட்ட முடிந்ததே அந்த விதிகளால்தான். விதிக்கும் வளர்ச்சிக்கும் உள்ள உறவு எப்போதும் இழுபறிதான் என்று நினைப்பவர்களுக்கு இதை நான் சொல்வது வழக்கம்.

கணக்குப்பிள்ளை

தராசு அவர்களே, கொதிகலனோடு பட்டாசை அப்படியே ஒப்பிட முடியுமா என்று தெரியவில்லை. கொதிகலன் இரும்பு, தட்டிப் பார்த்தும் அழுத்திப் பார்த்தும் சான்று தரலாம், அந்தச் சான்று ஓராண்டு நிற்கும். பட்டாசு அறையில் காலை பத்து மணிக்கு இருந்த பாதுகாப்பு பதினொரு மணிக்கு இருக்காது; ஒரு வாளி மருந்து கூடுதலாக வந்தால் போதும். ரெங்கபாளையத்தில், ஆலையை ஒட்டிய கடைக்கு வெளியே மாதிரிப் பட்டாசை வெடித்துக் காட்டியபோது பொறி பறந்து தீப்பிடித்தது என்று செய்திகள் வந்தன. எந்தக் காப்பீட்டு ஆய்வாளர் அந்த நேரத்தில் அங்கே நின்றிருப்பார்? மேலும் சிறிய ஆலைகளுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தை ஆபத்துக்கேற்ப உயர்த்தினால் அவை காப்பீடே எடுக்காமல் வீட்டுக் கொட்டகைக்குள் போய்விடும். கரிசல்காரி அம்மா சொன்ன இடத்துக்கே மீண்டும் வந்து நிற்போம்.

தராசு

நியாயமான மறுப்பு. சிறிய ஆலைகளுக்குத் தனித்தனியே காப்பீடு என்பது நடக்காது என்பதை ஏற்கிறேன். ஆனால் சிவகாசியின் சரக்கை மொத்தமாக வாங்கி, தம் பெயரிட்ட பெட்டியில் அடைத்து விற்கும் பெரிய நிறுவனங்கள் சிலவே. குத்தகைக்காரரின் அறையில் நடக்கும் விபத்துக்கு உரிமம் பெற்றவரும், அந்தச் சரக்கைத் தெரிந்தே வாங்கும் பெரிய நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு என்று ஆக்கினால், யாரிடம் வாங்குவது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அபாயகரமான தொழிலை நடத்துபவர் எந்த விலக்கும் கோர முடியாத முழுப்பொறுப்பு உடையவர் என்ற கோட்பாட்டை, போபாலுக்கு அடுத்த ஆண்டு தில்லியில் நிகழ்ந்த ஓலியம் வாயுக் கசிவு வழக்கிலேயே நம் உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. அதைச் சங்கிலியின் மேல்முனை வரை நீட்டுவதுதான் மிச்சம்.

வைப்பாற்றங்கரை

அனைவருக்கும் நன்றி. நான் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்திருக்கிறது. ஒரு துணைக் கேள்வி: பத்து மணிக்கு இருப்பது பதினொரு மணிக்கு இல்லை என்று கணக்குப்பிள்ளை அண்ணாச்சி சொல்வது சரியென்றால், எத்தனை ஆய்வாளர்களை நியமித்தாலும் பயனில்லை என்றல்லவா ஆகிறது? ஆலைகள் ஆயிரத்துக்கும் மேல்; நாள்தோறும் ஒவ்வோர் அறையிலும் ஒருவரை நிறுத்த முடியாது.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்

அறையில் ஆளை நிறுத்த வேண்டியதில்லை. அறைக்குள் போகும் பொருளைப் பார்த்தால் போதும்.

விதி மீறலை நேரில் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். ஊர் எல்லையில் எங்கள் வாகனம் திரும்பும்போதே கைப்பேசியில் செய்தி போய்விடும். நாங்கள் சேரும்போது அறைக்கு நான்கு பேர், சுத்தமான தரை, கதவு திறந்தபடி. ஆனால் அலுமினியப் பொடி, பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம் ஆகியவற்றை யாரும் மறைத்து விளைவிக்க முடியாது. அவற்றை விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு கொள்முதலுக்கும் இப்போது ஜி.எஸ்.டி. பட்டியல் உண்டு. 15 கிலோ உரிமம் உள்ள ஓர் ஆலை, ஆண்டு முழுவதும் விதிப்படி வேலை செய்தால் எவ்வளவு ரசாயனம் செலவாகும் என்பது எளிய பெருக்கல் கணக்கு. கொள்முதல் அந்தக் கணக்கைப் பல மடங்கு தாண்டினால், அங்கே அளவுக்கு மீறிய மருந்து கலக்கப்படுகிறது, அல்லது அந்த உரிமத்தின் பெயரில் வேறு பலர் தயாரிக்கிறார்கள், அல்லது சரக்கு வீட்டுக் கொட்டகைகளுக்குப் போகிறது. மூன்றில் எதுவானாலும் ஆலைக்குள் காலடி வைக்காமலே தெரிந்துவிடும். வரித் துறையிடம் இருக்கும் இந்தத் தகவலைப் பாதுகாப்பை ஆய்வு செய்யும் துறையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பணியில் இருந்தபோது எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை.

இதில் ஒழுங்காகத் தொழில் செய்பவருக்கு ஒரு காகிதம்கூடக் கூடுவதில்லை. அவர் ஏற்கெனவே தாக்கல் செய்யும் கணக்குத்தான் அது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நடைமுறை மூலதனக் கடனுக்கு வரும் விண்ணப்பத்தோடு உரிமத்தின் நகலும், கடந்த ஆண்டின் விற்றுமுதல் கணக்கும் உங்கள் மேசைக்கு வருகின்றன அல்லவா? அடுத்த முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டி.ஆர்.ஓ. உரிமம் மட்டுமே உள்ளவர் சில கோடி ரூபாய்க்கு விற்றதாகக் கணக்குக் காட்டினால், அந்தச் சரக்கு எங்கே, எத்தனை பேரால் தயாரிக்கப்பட்டது என்று கடன் பரிசீலனைக் கேள்வியாகவே எழுத்தில் கேளுங்கள். ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்தால் மருந்தை ஒளித்துவிடலாம். கடன் கேட்டு வருபவர் விற்றுமுதலை ஒளிக்க மாட்டார்.

கணக்குப்பிள்ளை

ஐயா சொல்வது நடக்கக்கூடியதே. ஆனால் அந்தக் கேள்வியை ஒரு வங்கி மட்டும் கேட்டால் வாடிக்கையாளர் எதிர்வரிசையில் உள்ள வங்கிக்குப் போய்விடுவார். சிவகாசியில் வங்கிகளுக்குப் பஞ்சமில்லை. மாவட்ட முன்னோடி வங்கி கூட்டும் கூட்டத்தில் எல்லா வங்கிகளுக்கும் பொதுவான நிபந்தனையாக இதை வைக்க முடிந்தால், நான் கணக்கு எழுதும் ஆலைக்காரர்கள் என்னைத் திட்டினாலும், கணக்குகளை அதற்கேற்ப எழுதித் தர நான் தயார்.